ஷாங்காயில் அரை கிலோமீட்டர்

"அக்கா, எனக்கு வயது 29. கோவையில் பம்பு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் டிசைன் இன்ஜினீயர். பத்து மாத வேலைக்காக ஷாங்காய்க்கு அனுப்பியிருக்கிறார்கள். வந்து ஆறு வாரம் ஆகிறது. மின்ஹாங் என்ற பகுதியில் 19-ஆவது மாடியில் தனியாக இருக்கிறேன். முட்டை சாப்பிடுவேன், கறி மீன் பழக்கமில்லை. ஆபீசில் இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டார்கள், பயந்துகொண்டு மறுத்துவிட்டேன். இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. போன வாரம் குப்பை போடப் போன இடத்தில் ஒரு வயதான அம்மா எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்தினார். எதற்கென்றே புரியவில்லை. அம்மாவிடம் வாட்ஸப்பில் பேசவும் முடியவில்லை. பத்து மாதம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாமா? இல்லை, மொழி கற்றுக்கொள்வது, வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் இருக்கும் பகுதிக்கு வீடு மாறுவது என்று மெனக்கெட வேண்டுமா?"
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்தக் குப்பை விஷயத்தைப் பேசிவிடலாம். கடிதத்தின் நடுவில் இரண்டு வரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் முள் அங்கேதான் தைத்திருக்கிறது என்று தெரிகிறது.

நீங்கள் வெளிநாட்டுக்காரி என்பதற்காக அந்த அம்மா கத்தியிருக்க மாட்டார். 2019 ஜூலை 1-ஆம் தேதி ஷாங்காயில் குப்பையைப் பிரித்துப் போடும் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது நான் அங்கே இருந்தேன். அதே கத்தல் எனக்கும் கிடைத்தது. பிறந்ததிலிருந்து அந்த ஊரிலேயே வாழ்ந்த என் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கிடைத்தது. அங்கே குப்பை நான்கு வகை: ஈரம், உலர், மறுசுழற்சி, ஆபத்தானது. இதை நினைவில் வைத்துக்கொள்ள ஊர்க்காரர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பன்றி தின்பது ஈரக் குப்பை. பன்றிகூடத் தின்னாதது உலர் குப்பை. தின்றால் பன்றி செத்துப்போகும் என்றால் ஆபத்தானது. விற்று அந்தக் காசில் பன்றி வாங்கலாம் என்றால் மறுசுழற்சி. ஈரமான டிஷ்யூ பேப்பர்கூட உலர் குப்பைதான், ஏனென்றால் பன்றி அதைத் தின்னாது!

நம்மைப் போன்ற புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. சமையல் குப்பையை அழகாகப் பையில் கட்டி அப்படியே தொட்டியில் போட்டுவிடுவோம். அங்கே பையைப் பிரித்து உள்ளே இருப்பதை மட்டும் ஈரத் தொட்டியில் கொட்டிவிட்டு, பையைப் பக்கத்தில் இருக்கும் உலர் தொட்டியில் போட வேண்டும். பல குடியிருப்புகளில் தொட்டி காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும். தவறாகப் போட்டால் 50 முதல் 200 யுவான் வரை அபராதமும் உண்டு. தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பவர்களில் பலர் அதே குடியிருப்பில் வாழும், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெண்கள். ஷாங்காய்க்காரர்கள் சாதாரணமாகப் பேசினாலே நமக்குச் சண்டை போடுவது போலத்தான் கேட்கும். அந்த அம்மா "பையைப் பிரி, பையைப் பிரி" என்றுதான் சொல்லியிருப்பார் என்று நான் அடித்துச் சொல்வேன்.

நாளைக்கு அதே நேரத்துக்குப் போங்கள். அவர் கண்ணெதிரே பையைப் பிரித்துக் கொட்டுங்கள். அப்புறம் அவரைப் பார்த்து "ஆயி, நீ ஹாவ்" என்று சொல்லுங்கள். அம்மா வயதுப் பெண்களைச் சீனத்தில் "ஆயி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நம் ஊரிலும் பாட்டியை ஆயி என்று கூப்பிடும் வீடுகள் உண்டு. என் அப்பத்தாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம். அதனாலோ என்னவோ, அந்த ஊரில் என் நாக்கு கூச்சமில்லாமல் சொன்ன முதல் சொல் அதுதான்.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள். பத்து மாதம் என்பது ஒரு ரயில் நிலையத்து வெயிட்டிங் ரூம் இல்லை, உங்கள் 29-ஆவது வயதில் பெரும்பகுதி அது. ஆனால் ஷாங்காய் முழுவதும் பழகிவிட வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். 2020 கணக்கெடுப்பில் அந்த ஊரின் மக்கள்தொகை ஏறக்குறைய 2 கோடியே 48 லட்சம். 2011 கணக்குப்படி தமிழ்நாடு முழுவதும் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேரை ஒரே ஊரில் வைத்த மாதிரி. 1993-இல் ஒரே ஒரு பாதையோடு ஆரம்பித்த மெட்ரோ இப்போது 800 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இவ்வளவு பெரிய ஊரில் யாருமே முழுதாக வாழ்வதில்லை. அங்கேயே பிறந்தவர்கள்கூடத் தங்கள் குடியிருப்பு, ஒரு காய்கறிச் சந்தை, ஒரு காலை உணவுக் கடை, ஒரு பூங்கா என்றுதான் வாழ்கிறார்கள்.

உங்கள் வாசலிலிருந்து அரை கிலோமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரே ஒரு காலை உணவுக் கடையைத் தேர்ந்தெடுங்கள். ஆவி பறக்கும் மூங்கில் தட்டுகள் அடுக்கியிருக்கும் சின்னக் கடையாக இருக்கட்டும், செயின் கடை வேண்டாம். தினமும் அதே நேரத்துக்கு, அதே கடைக்குப் போங்கள். சோயாப் பால் ஒன்று, உள்ளே கீரையும் காளானும் வைத்து ஆவியில் வேகவைத்த "சாய் பாவ்" ரொட்டி இரண்டு கேளுங்கள். பத்தாவது நாள் நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே எடுத்துக் கொடுப்பார்கள். கேட்பதற்கு இது சின்ன விஷயம். ஆனால் ஒரு பெருநகரத்தில் நம்மைத் தெரிந்த ஒரே ஒரு முகம் இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். ஃபோனிலேயே ஆர்டர் செய்தால் எல்லாம் 19-ஆவது மாடிக்கே வந்துவிடும், அந்த வசதிதான் உங்களை அறைக்குள் பூட்டி வைத்திருக்கிறது. அடுத்த இரண்டு மாதமாவது சாப்பாட்டையும் காய்கறியையும் நடந்து போய் வாங்குங்கள்.

சாப்பாட்டுக் கவலை நியாயமானது, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "கறி சாப்பிட மாட்டேன்" என்று சொல்ல "வோ பு ச்சி ரோவ்" என்று மொழிபெயர்ப்பு ஆப் சொல்லிக் கொடுத்திருக்கும். அது போதாது. "ரோவ்" என்று மட்டும் சொன்னால் பலர் மனதில் வருவது பன்றிக்கறி. பன்றி இல்லாமல் கோழி வரும், இறால் வரும். "வோ ச்சி சூ" என்று சொல்லுங்கள். நான் சைவம் என்று அர்த்தம். பௌத்த மரபிலிருந்து வந்த சொல் என்பதால் பாட்டி தாத்தாக்களுக்கு உடனே புரியும், ஒரு மரியாதையும் கிடைக்கும். கூடவே "ஜீதான் கேயி" என்றால் முட்டை பரவாயில்லை என்று அர்த்தம். கீரைப் பொரியலில்கூடப் பன்றிக் கொழுப்போ சிப்பிச் சாறோ சேர்ப்பது உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தச் சாதாரணக் கடையிலும் கிடைப்பது தக்காளியும் முட்டையும் சேர்த்து வதக்கிய ஒரு குழம்பு. சோற்றில் பிசைந்து சாப்பிடலாம், ஊர் ஞாபகம் வரும். அடுத்தது, உருளைக்கிழங்கைத் தீக்குச்சி மாதிரி சீவி, மிளகாயும் வினிகரும் போட்டுப் புரட்டியது. அப்புறம் வெங்காயத் தாளை எண்ணெயில் கருக வறுத்து நூடுல்ஸில் பிசைந்து தருவார்கள், ஷாங்காயின் சொந்தச் சரக்கு அது. மனசு ரொம்ப வாடிப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, 1922-இலிருந்து இயங்கும் கோங்தெலின் என்ற சைவ உணவகத்துக்குப் போங்கள். நான்ஜிங் மேற்குச் சாலையில் இருக்கிறது. மெனு முழுவதும் பயமில்லாமல் படிக்கலாம் என்ற சுகமே தனி.

இதெல்லாம் தெரிந்துவிட்டால் ஆபீஸ்காரர்களோடு போக என்ன தயக்கம்? அவர்கள் கோபத்தில் கூப்பிடாமல் இல்லை. இரண்டு முறை மறுத்தவரை மூன்றாவது முறை கூப்பிட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டிருப்பார்கள். இனி நீங்கள்தான் வாய் திறக்க வேண்டும். பன்னிரண்டு மணி அடித்ததும் எழுந்துவிடுவார்கள், பதினொன்றே முக்காலுக்கே "இன்றைக்கு நானும் வரட்டுமா?" என்று கேளுங்கள். தட்டுகளை நடுவில் வைத்து எல்லாரும் பகிர்ந்து சாப்பிடுவதுதான் வழக்கம் என்பதால், உங்களுக்காக இரண்டு தட்டு சேர்த்துச் சொல்வது அவர்களுக்குப் பாரமே இல்லை. சாப்பிட்டு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டு மேசையிலேயே தலை சாய்த்துத் தூங்குவார்கள். நீங்களும் தூங்குங்கள், அந்த நேரத்தில் வேலை பற்றிக் கேட்கப் போகாதீர்கள். இரவு விருந்தில் மதுக் கிண்ணத்தை நீட்டினால் தேநீர்க் கோப்பையைத் தூக்கி "யி ச்சா தாய் ஜியு" என்று சொல்லலாம். மதுவுக்குப் பதில் தேநீர் என்று பொருள். பழைய வழக்கம் என்பதால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அம்மாவிடம் பேசுவது. வாட்ஸப்பைச் சீனா தடுத்திருக்கிறது, சீனாவின் சாட் ஆப்பான வீசாட்டை இந்தியா 2020 ஜூனில் தடை செய்துவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்டது நீங்களும் அம்மாவும். உங்கள் இந்திய சிம்மைத் தூக்கி வைத்துவிடாதீர்கள். சர்வதேச ரோமிங் பேக் போட்டால் டேட்டா நம் ஊர் நெட்வொர்க் வழியாகப் போகும், அதனால் வாட்ஸப் வேலை செய்யும். காசு அதிகம்தான், ஆகவே அம்மாவுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். வங்கி ஓடிபி வரவும் அந்த சிம் உயிரோடு இருக்க வேண்டும். ஷாங்காய் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். உங்களுக்கு இரவு ஒன்பது என்றால் அம்மாவுக்கு மாலை ஆறரை, விளக்கு வைக்கும் நேரம். தினமும் அந்த நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அரை மணி நேரம் பேசுங்கள். நினைத்தபோதெல்லாம் கூப்பிட்டு, சிக்னல் கிடைக்காமல் தவித்து, அம்மாவையும் தவிக்க விடுவதைவிட அது இருவருக்கும் நிம்மதி.

பணம் கட்டுவதில் ஒன்று மட்டும்: அலிபே என்ற பணம் கட்டும் ஆப்பிலோ வீசாட்டிலோ இந்திய கார்டை இணைத்திருந்தால் 200 யுவானுக்கு மேல் போகும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 3 சதவீதம் கட்டணம் பிடிக்கும். கம்பெனியில் சொல்லி உள்ளூர் வங்கிக் கணக்கு ஒன்று தொடங்கிவிடுங்கள்.

மொழி? கற்றுக்கொள்ளுங்கள். பரீட்சை எழுத இல்லை, ஒரு அறுபது சொல் போதும். தமிழ் பேசுபவருக்கு ஒரு நன்மையும் ஒரு சிக்கலும் உண்டு. "பம்பு" என்று சொல்லும்போது வருகிற முதல் "ப" இருக்கிறதே, சீன மொழியின் "பாவ்" என்ற ரொட்டிக்கு அதே ஒலிதான், ஆங்கிலக்காரர்களைவிட நமக்கு அது சுலபம். ஆனால் அதே "ப"வை மூச்சைத் தள்ளிச் சொன்னால் வேறு சொல்லாகிவிடும். வாய்க்கு முன்னால் ஒரு டிஷ்யூவைப் பிடித்துக்கொண்டு பழகுங்கள். ஒன்றில் தாள் ஆட வேண்டும், மற்றதில் ஆடக்கூடாது. எண்களைக் கையாலும் காட்டுவார்கள். ஆறிலிருந்து பத்து வரை ஒரே கையில் காட்டும் முறை இருக்கிறது. சந்தையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் ஆறு.

எழுத்துகளில் இருபது போதும். சின்னச் சதுரம் என்றால் வாய், வழி. இரண்டு மலையை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய எழுத்துக்குப் பக்கத்தில் அந்தச் சதுரம் இருந்தால், வெளியே போகும் வழி. கீழே திறந்த பெட்டிக்குள் இரண்டு ஆள் கால் அகட்டி நின்றால், அதுதான் கறி. இந்த ஒரு எழுத்தை மட்டும் தெரிந்துகொண்டாலே மெனு கார்டில் பாதிப் பயம் போய்விடும்.

வீடு மாற வேண்டாம் என்பது என் கருத்து. வாடகை ஒப்பந்தங்களில் ஒரு மாத அட்வான்ஸ், மூன்று மாத வாடகை முன்பணம் என்பதுதான் அங்கே வழக்கம், பாதியில் கிளம்பினால் அட்வான்ஸ் போய்விடக்கூடும். புது வீட்டுக்குப் போன 24 மணி நேரத்துக்குள் போலீஸில் மறுபடி பதிவு செய்ய வேண்டும். அதையெல்லாம்கூடச் சமாளிக்கலாம். ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் கூட்டத்துக்குள் போனால் அந்த ஆயியை விட்டுவிட்டுப் போவீர்கள். எனக்கு அதுதான் நஷ்டமாகப் படுகிறது.

உங்கள் பத்து மாதத்தில் குளிர்காலம் வருகிறது என்றால் இப்போதே தயாராகுங்கள். வட சீனாவைப் போல ஷாங்காயில் பொது வெப்பமூட்டும் வசதி கிடையாது. ஈரக் குளிர், வீட்டுக்குள்ளேயே எலும்பில் ஏறும். உள்ளே போடும் தெர்மல் துணிகளை அங்கேயே வாங்குங்கள். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். எங்கே போனாலும் வெந்நீர் கிடைக்கும், ஒரு ஃபிளாஸ்க் கையில் இருக்கட்டும். உடம்புக்கு அவசரம் என்றால் 120, போலீஸ் 110.

இவ்வளவு செய்தும் தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் திரும்பவில்லை என்றால், கம்பெனியில் வெளிப்படையாகச் சொல்லி ஒரு மருத்துவரைப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அரை கிலோமீட்டர் பழகிய பிறகு ஒரு ஞாயிறு மாலை, ஹுவாங்பு நதியைக் கடக்கும் படகில் ஏறுங்கள். சுற்றுலாப் படகு இல்லை, சைக்கிளோடும் ஸ்கூட்டரோடும் வேலைக்குப் போகிறவர்கள் ஏறுகிற படகு. கட்டணம் 2 யுவான். ஒரு கரையில் பழைய கட்டடங்கள், எதிர்க்கரையில் 632 மீட்டர் உயர ஷாங்காய் டவர். நான் அழுதுகொண்டு ஏறிய நாளும் உண்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஏறிய நாளும் உண்டு.

நீண்ட விடுமுறை கிடைத்தால் தென்கிழக்குச் சீனக் கடற்கரையில் இருக்கும் சுவான்ஜோ என்ற ஊருக்குப் போய் வாருங்கள், அதிவேக ரயிலில் ஒரே பகலில் போய்ச் சேரலாம். 1281-இல் அங்கே இருந்த ஒரு சிவன் கோயிலுக்காகத் தமிழில் வெட்டிய கல்வெட்டு கிடைத்த ஊர் அது. கையுவான் என்ற பௌத்தக் கோயிலின் தூண்களில் நரசிம்மரும் கண்ணனும் இன்னும் இருக்கிறார்கள். டிக்கெட்டுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். அக்டோபர் 1-இல் தொடங்கும் விடுமுறை வாரத்தில் மட்டும் கிளம்பாதீர்கள், நாடே ரயிலில் இருக்கும்.