போலீஸ் புகார் போதாது, தேர்தல் மனு வேண்டும்

வணக்கம். வாக்களிப்புக்கு முந்தைய இரவு உங்கள் தோட்டத்து லயத்தில் ஆளுக்கு 50 ரிங்கிட் கொடுத்தார்கள், போலீசில் புகார் செய்தும் தேர்தல் முடிவு மாறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கொதித்தது. நானும் பேராக் மாநிலத்தில், பீடோர் பக்கத் தோட்டத்தில் வளர்ந்தவன்.

போலீஸ் புகாரால் முடிவு ரத்தாகாது. மலேசிய அரசியலமைப்பின் 118ஆவது பிரிவுப்படி, உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடுவது ஒன்றே வழி. முடிவு அரசிதழில் வெளியான நாளிலிருந்து 28 நாள்தான் தவணை. அந்தத் தேதியை இன்றைக்கே பாருங்கள். அந்தத் தொகுதி வாக்காளர் என்றால் நீங்களே மனுதாரர் ஆகலாம்.

பணம் கைமாறியதைக் காட்டினால் மட்டும் போதாது. பொதுவாக, கொடுத்தவர் வேட்பாளரின் ஏஜெண்ட், அல்லது வேட்பாளருக்குத் தெரிந்தே கொடுத்தார் என்று நிரூபிக்க வேண்டும். கஷ்டமே இங்கேதான். ஆனால் முடியாத காரியமில்லை. கேமரன் மலைத் தொகுதியில் 2018 தேர்தல் முடிவை, பூர்வகுடி வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்த காரணத்துக்காக நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 ஜனவரியில் இடைத்தேர்தலும் நடந்தது.

அப்புறம் ஒன்று: பணம் வாங்குவதும் குற்றம். வாங்கியவர்களைச் சாட்சிக்கு அழைக்கும் முன் வக்கீலிடம் பேசிவிடுங்கள். மனுவையும் அவரே எழுதட்டும். நடைமுறைப் பிழையால் மட்டுமே தள்ளுபடியான மனுக்கள் உண்டு.