பழைய ராணுவ ரைஃபிள்: மினுக்கலுக்குக் காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: கன் ஷோவில் (துப்பாக்கிச் சந்தை) இஷாப்பூர் 2ஏ1 என்ற இந்திய ராணுவ ரைஃபிள் பார்த்தேன். மரக் கட்டை புதிதுபோல் மின்னுகிறது. ‘பாகங்களில் குத்திய எல்லா வரிசை நம்பரும் ஒன்றே’ என்கிறார் விற்பவர். வாங்கலாமா? (ஹூஸ்டன் வாசகர்)

பதில்: அந்த மினுமினுப்புதான் முதல் சந்தேகம். ராணுவத்தில் கட்டைக்கு எண்ணெய்தான் தேய்ப்பார்கள். வார்னிஷ் பின்னால் யாரோ அடித்தது. உப்புத்தாள் போட்டிருந்தால் மரத்தில் குத்திய முத்திரைகள் மழுங்கி, இரும்பைத் தொடும் இடத்தில் மரம் தாழ்ந்திருக்கும். அதற்கு விலை குறைய வேண்டுமே தவிர, ஏறக்கூடாது.

நம்பர்களில் முக்கியம் இரண்டு: ரிசீவரின் (குழல் பொருந்தும் இரும்பு உடல்) வலப்பக்கம், போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் தண்டு) கைப்பிடியின் பின்புறம். இவை வேறாக இருந்தால் ஹெட்ஸ்பேஸ், அதாவது தோட்டாவுக்கும் போல்ட்டுக்கும் உள்ள இடைவெளி, சரியில்லாமல் போகலாம். கேஜ் (அளவுகோல்) வைத்துப் பார்க்காமல் சுடக்கூடாது. பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துப் பக்கத்தில் புது எண் குத்தியிருந்தால் படைப் பட்டறை வேலையாக இருக்கலாம். அரத்தால் ராவி, மேலே குத்தியிருந்தால் ஒதுங்கிவிடுங்கள். ‘டி.பி.’ என்று குத்தியிருந்தால் அது பயிற்சிக்கு மட்டும், சுடுவதற்கல்ல.

2ஏ1 என்பது பழைய .303 தோட்டா ரைஃபிளை மாற்றிச் செய்தது என்பார்கள். இல்லை, 7.62 மி.மீ. தோட்டாவுக்காகவே வலுவான எஃகில் புதிதாகச் செய்தது. பின் சைட்டில் (குறிபார்க்கும் பாகம்) 800 வரைதான் தூர எண் இருக்க வேண்டும். 2000 வரை இருந்தால் அது முந்தைய மாடலான 2ஏ-யின் சைட்.

கடைசியில் குழல். எண்ணெய் பூசிய குழலில் குழி தெரியாது. உலர்ந்த துணி விட்டுத் துடைக்கச் சொல்லி, பிறகு டார்ச் அடியுங்கள். சில பழைய தோட்டாக்களின் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) விடும் உப்பு ஈரத்தை இழுத்து உள்ளே அரித்திருக்கலாம். கயிறு போட்டு இழுத்துத் துடைத்ததில் வாய்ப்பகுதி ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கட்டையை மாற்றிவிடலாம், தேய்ந்த குழலுக்கு மாற்று தேடி அலைய வேண்டும்.

கேள்வி: விலை நியாயமா என்று எப்படித் தெரியும்?

பதில்: ஏலத் தளங்களில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். முடிந்த ஏலங்களில் போன விலையைப் பாருங்கள், அதே மாடல், அதே நிலை. ஏலக் கமிஷனையும் கூட்டிக்கொள்ளுங்கள். நிறைய வாங்குவதாக இருந்தால் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களுக்கான ‘க்யூரியோ அண்ட் ரெலிக்’ லைசென்ஸ் (03 வகை) எடுத்துவிடுங்கள்: 3 ஆண்டுக்கு 30 டாலர். 50 ஆண்டைத் தாண்டி அசல் வடிவில் உள்ளவை டீலர் கட்டணமில்லாமல் வீட்டுக்கே வரும், உங்கள் மாநிலச் சட்டம் தடுக்காதவரை. வாங்கியது, விற்றது எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும், வியாபாரம் கூடாது. வேட்டைக்காகக் கட்டையை வெட்டிக் குறைத்த ரைஃபிளை இதில் வாங்க நினைக்காதீர்கள், அசல் வடிவம் போய்விட்டது.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். நானும் சேகரிக்கலாமா?

பதில்: பொதுவாக முடியாது, துப்பாக்கி கையில் இருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, வக்கீலைக் கேட்காமல் இறங்காதீர்கள். கிரீன் கார்டு வந்தால் இந்தத் தடை இல்லை. ஆனால் சி.எம்.பி. (பழைய ராணுவ ரைஃபிள்களைப் பொதுமக்களுக்கு விற்கும் அமைப்பு) விற்கும் எம்1 கேரண்ட் ரைஃபிள் அப்போதும் கிடைக்காது, அதற்குக் குடியுரிமை வேண்டும்.