ஒளியை முந்தாத கப்பலில் ஒரு கதை: கேள்வி பதில்

விண்மீன்களுக்கு இடையே குடியேற்றங்களை வைத்துக் கதை எழுதுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒளியைவிட வேகமாக எதுவும் போகாது என்று ஒப்புக்கொண்டு எழுதுகிறவர்களுக்குத்தான் இந்தப் பதில்கள். ஒளியையே முந்தும் கற்பனை எஞ்சினான வார்ப் எஞ்சின் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்கள் கிளம்பலாம்.

கேள்வி: என் கதை உலகத்தை எங்கிருந்து கட்ட ஆரம்பிப்பது?

பதில்: வேகத்திலிருந்து. அரசியல், மதம், உடை எல்லாம் அப்புறம். நாசாவின் வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் போகிறது. பக்கத்து வீடான பிராக்சிமா சென்டாரி விண்மீன் 4.24 ஒளியாண்டு தூரம். அந்த வேகத்தில் 75,000 ஆண்டு ஆகும். ஒளியின் வேகத்தில் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 42 ஆண்டு, 11.9 ஒளியாண்டு தள்ளியிருக்கும் டவ் செட்டி விண்மீனுக்கு 119 ஆண்டு. இருபது வயதில் ஏறியவர் தன் காலிலேயே இறங்குகிறாரா, அவருடைய கொள்ளுப்பேத்தி இறங்குகிறாளா என்பது இந்த ஒரு எண்ணில் இருக்கிறது.

கேள்வி: வேகமாகப் போனால் கப்பலில் நேரம் மெதுவாக ஓடுமே சார், அதை வைத்து வயதைக் குறைக்கலாமா?

பதில்: 10 சதவீத வேகத்தில் 42 ஆண்டுக்கு இரண்டரை மாதம் மிச்சமாகும். அதை நம்பிக் கதாநாயகியை இளமையாக வைத்திருக்க முடியாது.

கேள்வி: ஃபியூஷன் (அணுக்கரு இணைவு) எஞ்சின் இருக்கிறது, கப்பல் 1,000 டன். இது போதாதா?

பதில்: கிளம்பப் போதும். நிற்பதற்கு? வந்த கதைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் வழுக்குகின்றன. விண்வெளியில் தானாக நிற்கவைக்கும் அளவுக்கு உராய்வு கிடையாது. ஏறிய வேகத்தை அதே அளவு செலவு செய்துதான் இறக்க வேண்டும். அந்த வேகத்தை எட்ட, கிளம்பும்போது எரிபொருளோடு சேர்த்த எடை வெறும் கப்பலைப் போல 10 மடங்கு இருக்க வேண்டும் என்று வையுங்கள். நிறுத்துவதற்கான எரிபொருளையும் முதலிலேயே சுமந்து வேகமேற்ற வேண்டுமே, அதனால் 20 மடங்கு இல்லை, பத்துக்குப் பத்து, 100 மடங்கு. உங்கள் 1,000 டன் கப்பல் 1,00,000 டன்னாகக் கிளம்பும்.

1970களில் பிரிட்டிஷ் இன்டர்பிளானட்டரி சொசைட்டி வரைந்த டெடலஸ் என்ற விண்கலத் திட்டத்தைப் பாருங்கள். மொத்தம் 54,000 டன், அதில் 50,000 டன் எரிபொருள். 12 சதவீத வேகத்தில் பர்னார்ட் விண்மீனுக்கு ஏறக்குறைய 50 ஆண்டுப் பயணம். ஆள் கிடையாது, நிற்பதும் கிடையாது. படம் எடுத்தபடியே கடந்து போய்விடும்.

எரிபொருள் வேண்டாம் என்றால் காந்தப் பாய் இருக்கிறது. பல கிலோமீட்டர் அகல மீக்கடத்தி (மின்தடையே இல்லாத பொருள்) வளையத்தில் மின்சாரம் ஓடவிட்டால், வழியிலுள்ள மெல்லிய பிளாஸ்மா, அதாவது மின்னேற்றமுள்ள வாயு, அதன் காந்தப்புலத்தில் மோதி இழுத்துப் பிடிக்கும். பாராசூட் மாதிரிதான், ஆனால் பிரேக் பிடிக்கவே பல பத்தாண்டுகள். ஒரு தலைமுறையே பிரேக் காலத்தில் பிறந்து வளரலாம். நான் எழுதினால் அவர்களைத்தான் எழுதுவேன்.

கேள்வி: விண்கல் மோதல் காட்சி ஒன்று வைக்கலாமா?

பதில்: கல் எதற்கு, மணல் போதும். 10 சதவீத வேகத்தில் ஒரு மில்லிகிராம் மணல் மோதினால் சுமார் 100 கிலோ டிஎன்டி வெடிமருந்து வெடித்த மாதிரி. முன்பக்கம் கேடயம் வையுங்கள்.

கேள்வி: 500 பேர் போனால் காலனி தழைக்குமா அண்ணா?

பதில்: மரபணுக் கணக்கில் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். யார் யாரோடு குழந்தை பெறுவது என்பதைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தினால் 98 பேர் போதும் என்று ஒரு கணிப்பு. 14,000 பேராவது வேண்டும் என்று மானுடவியலாளர் கேமரன் ஸ்மித். எனக்கு மரபணுவைவிடத் தொழில்தான் கவலை. 500 பேரில் பல் டாக்டர் எத்தனை பேர்? இருவர். ஒருவர் இறந்தால், மற்றவருடைய பல்லை யார் பிடுங்குவது? அடுத்த பல் டாக்டராக ஒரு பத்து வயதுக் குழந்தையை, அதற்குப் பிடிக்கிறதோ இல்லையோ, இப்போதே உட்காரவைக்க வேண்டும். உங்கள் ஊரின் சாதிச் சண்டை அங்கேயே முளைத்துவிடும்.

கேள்வி: டவ் செட்டி காலனியைப் பூமியின் பேரரசு ஆளுகிறது. ஏற்கும்படி இருக்கிறதா?

பதில்: வரி கட்ட மாட்டோம் என்று அவர்கள் அனுப்பும் சேதி பூமிக்கு வர 12 ஆண்டு. அன்றே படை கிளம்பினாலும் போய்ச் சேர 119 ஆண்டு. மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள்கூட இருக்க மாட்டார்கள். பேரரசை விட்டுவிடுங்கள்.

ஆனால் சேதி போகும். பூமியின் ஒலிபரப்பு அங்கே 12 ஆண்டுப் பழசாக ஓயாமல் கேட்கும். பேச்சு மாறிக்கொண்டே போகும். 1736இல் தொடங்கும் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் நமக்கே பல இடங்களில் தடுக்குகிறது, இத்தனைக்கும் அது நம் ஊர்த் தமிழ். காலனிக்காரர்கள் பூமிப் பேச்சைக் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொள்வார்கள். அவர்கள் பேசுவதை நின்று கேட்கப் பூமியில் எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? உங்கள் சண்டையை அங்கே வையுங்கள், படை தேவைப்படாது.

கேள்வி: பின்னால் கிளம்பிய வேகமான கப்பல் முந்திவிட்டால்?

பதில்: முந்தும். முதலில் கிளம்பியவர்கள் இறங்கும்போது அங்கே டீக்கடை இருக்கும். வழியில் அவர்களை ஏற்றிக்கொண்டிருக்கலாமே என்று கேட்காதீர்கள், மறுபடி பிரேக் கணக்குக்குப் போக வேண்டிவரும்.