'டம்மி அவுட்புட்' என்று வருகிறது, என்ன செய்ய?

கேள்வி: புது லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு டெபியன் லினக்ஸ் போட்டேன். வைஃபை, டச்பேட் எல்லாம் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. செட்டிங்ஸில் 'டம்மி அவுட்புட்' என்று காட்டுகிறது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் லினக்ஸுக்கான சவுண்ட் டிரைவரைத் தேடிப் பார்த்தேன், இல்லை. எங்கே கிடைக்கும் சார்?

பதில்: தேடாதீர்கள், அது விண்டோஸ் பழக்கம். லினக்ஸில் சவுண்ட் டிரைவர் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. அல்சா என்று பெயர், 2003 கடைசியில் வந்த 2.6 கெர்னலிலிருந்து இதுதான் நடைமுறை. அதற்கு மேலே உட்கார்ந்துகொண்டு பிரவுசருக்கும் பிளேயருக்கும் ஒலியைப் பங்கிட்டுத் தருவது பைப்வயர், பழைய சிஸ்டமென்றால் பல்ஸ்ஆடியோ. கீழே ஒரு சவுண்ட் கார்டும் தட்டுப்படவில்லையென்றால் அது ஒப்புக்குச் சப்பாணியாக ஒன்றை வைத்துக்கொள்ளும், அதுதான் நீங்கள் பார்க்கும் டம்மி.

டெர்மினலில் ஏபிளே என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு ஹைஃபனும் சின்ன எல்லும் சேருங்கள். கார்டின் பெயர் வந்தால் சிக்கல் மேலே, பைப்வயர் பக்கம். கார்டே இல்லை என்று சொன்னால் சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) டிமெசெஜ் என்ற, கெர்னலின் பதிவுகளைக் காட்டும் கட்டளையைக் கொடுத்து, அது கொட்டுகிற வரிகளில் 'சோஃப்' என்ற சொல்லைத் தேடுங்கள். புது லேப்டாப் என்கிறீர்கள், இன்டெல்லாக இருந்தால் என் சந்தேகம் இதன்மேல்தான்: இந்த வகை லேப்டாப் பலவற்றில் ஒலி ஒரு டிஎஸ்பி (ஒலியைக் கையாளும் தனிச் செயலி) வழியாகப் போகிறது, அந்த டிஎஸ்பிக்கு டிரைவர் மட்டும் போதாது, அதற்குள் ஓடும் மென்பொருளான சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் (சுருக்கமாக சோஃப்) என்ற கோப்பையும் ஏற்றியாக வேண்டும். ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை என்றும் பக்கத்தில் மைனஸ் 2 என்றும் ஒரு வரி இருந்தால் பயப்படாதீர்கள், கோப்பு அந்த இடத்தில் இல்லை என்பதுதான் அந்த 2-க்கு அர்த்தம். டெபியனில் ஃபர்ம்வேர்-சோஃப்-சைன்டு என்ற பேக்கேஜை நிறுவி ரீஸ்டார்ட் செய்யுங்கள் (ஃபெடோராவில் அல்சா-சோஃப்-ஃபர்ம்வேர், ஆர்ச்சில் வெறும் சோஃப்-ஃபர்ம்வேர்). பேக்கேஜே கிடைக்கவில்லை என்று வந்தால், டெபியன் 12 முதல் இவை நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற தனிப் பிரிவில் இருக்கின்றன, அதை, பேக்கேஜ்களை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் சோர்ஸ் பட்டியலில் சேர்த்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

கேள்வி: ஹெட்ஃபோனில் பாட்டு கேட்கிறது, கழற்றினால் ஸ்பீக்கர் ஊமை. டிரைவர் போய்விட்டதா?

பதில்: ஹெட்ஃபோனில் கேட்கிறதே, அப்புறம் டிரைவர் எப்படிப் போயிருக்கும்? டெர்மினலில் அல்சாமிக்சரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் திரை) திறந்து எஃப்6 அழுத்தி உங்கள் கார்டைத் தேர்ந்தெடுங்கள். 'ஸ்பீக்கர்' கம்பத்தின் அடியில் எம்எம் என்று இருந்தால் மியூட்டில் கிடக்கிறது. அதன்மேல் நின்று எம் விசையைத் தட்டினால் ஓஓ ஆகிவிடும். கம்பம் தரையில் கிடந்தால் மேலம்புக்குறியால் ஏற்றிவிடுங்கள். ஒருமுறை நான் இந்த எம்எம்-ஐக் கவனிக்காமல் முழு சிஸ்டத்தையும் இரண்டு தடவை புதிதாக நிறுவி, மூன்றாவது தடவைக்குப் பென்டிரைவைச் செருகிய பிறகுதான் பார்த்தேன். எம்எம் இல்லையென்றால் வலப்பக்கம் நகர்ந்து 'ஆட்டோ-மியூட் மோட்' இருக்கிறதா பாருங்கள். ஹெட்ஃபோன் செருகியிருக்கும்போது ஸ்பீக்கரை அடைப்பது அதன் வேலை. ஜாக் பழுதாகி, கழற்றிய பிறகும் செருகியிருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தால் ஸ்பீக்கர் திறக்கவே திறக்காது. அந்த ஆட்டோ-மியூட்டை டிசேபிள் செய்ததும் சத்தம் வந்தால் கோளாறு ஜாக்கில்தான், மென்பொருளில் இல்லை.

கேள்வி: ஒவ்வொரு முறை வீடியோ தொடங்கும்போதும் ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு சத்தம். ஏன்?

பதில்: மின்சாரத்தை மிச்சப்படுத்த, சும்மா இருக்கும் சிப்பைத் தூங்க வைக்கிறார்கள், அது எழுந்திருக்கிற சத்தம். எஸ்என்டி_எச்டிஏ_இன்டெல் என்ற டிரைவர் மாட்யூலில் பவர்_சேவ் மதிப்பை 0 ஆக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும், பேட்டரி கொஞ்சம் கூடுதலாகக் குறையும்.