வாய்தா தேதி எழுதிய டைரி

அன்புள்ள ஐயா,

வழக்கில் சிக்கிய சிறுவர்களை விசாரணைக் காலத்தில் வைத்திருக்கும் அரசு கூர்நோக்கு இல்லம் ஒன்றில் ஆற்றுப்படுத்துநராக (கவுன்சிலராக) சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. பையன்களிடம் சிரித்துப் பேசினால், "இடம் கொடுத்தா தலைமேல ஏறிடுவானுங்க மேடம்" என்கிறார்கள் மூத்த பணியாளர்கள். பயந்து நிற்பவன் என்னிடம் எதைச் சொல்லப்போகிறான்? இப்படியோர் இல்லத்தில் சில வருடம் கதை சொல்லப் போனதாக எழுதியிருந்தீர்கள். கண்டிப்பும் பிரியமும் ஒரே ஆளிடம் இருக்க முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இருக்க முடியும். நான் போய்வந்த இல்லத்தில் இரவுப் பணிக்கு ஒருவர் வருவார், ஐம்பதைத் தாண்டியவர். பையன்களுக்கு அவர் 'பெரியப்பா'. சட்டைப் பையில் ஒரு சின்ன டைரி. யாருக்கு என்றைக்கு வாய்தா என்று அதில் குறித்திருப்பார். சிறுவர்களின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போய்விட்டு வந்து இறங்கும் பையனிடம் "என்னடா ஆச்சு?" என்று கேட்கமாட்டார். "சாப்ட்டியா?" என்பார். ஜாமீன் கிடைக்கவில்லை, அம்மாவும் வரவில்லை என்பதெல்லாம் முகத்திலேயே தெரிந்துவிடும். அன்றிரவு அவன் பாய்க்குப் பக்கத்தில்தான் நாற்காலியைப் போட்டுக்கொள்வார்.

அதே மனிதர், பீடி ஒளித்துவைத்தவனை விடவும் மாட்டார். ஒரு வாரம் கேரம் கிடையாது என்றால் கிடையாதுதான். எட்டாம் நாள் சாயங்காலம் போர்டை அவரே எடுத்துப் போட்டு, பவுடர் தூவி, அவனைத்தான் முதலில் கூப்பிடுவார். பழசைக் கிளறி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒருவனுக்குக் கலர் பென்சில் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு மறந்துபோனேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கதை சொல்லும்போது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். ஏற்கெனவே எத்தனையோ பேர் வாக்குக் கொடுத்து ஏமாற்றிய பிள்ளை. மன்னிப்புக் கேட்டேன். மறுபடி என் பக்கத்தில் வந்து உட்கார அவனுக்கு மூன்று மாதம் ஆனது.

பெரியப்பா மாதிரி ஒருவர் வாய்ப்பதை அதிர்ஷ்டத்துக்கு விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் பூன்வில் ஊரில் நூற்றுக்கணக்கான பையன்களை ஒரே வளாகத்தில் வைத்திருந்தார்கள். அடிதடிக்குப் பேர்போன இடம். 1983இல் அதை மூடிவிட்டு, பிள்ளைகளின் சொந்த ஊர்களுக்குக் கிட்டத்தில் சின்னச் சின்ன இல்லங்களை அமைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு குழு. படிப்பு, சாப்பாடு, தூக்கம் எல்லாம் சேர்ந்தே. அவர்களை நன்றாகத் தெரிந்த பணியாளர்கள் எந்நேரமும் கூடவே. பன்னிரண்டு பேர் என்றால் எவன் இன்று சோற்றைத் தொடவில்லை என்று தெரியும். நாற்பது பேருக்கு ஒருவர், அதுவும் ஆள் மாறி மாறி வந்தால், தலை எண்ணுவதற்கே பொழுது போய்விடும்.

நம் சட்டத்திலும் குழப்பமில்லை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 82ஆம் பிரிவு, ஒழுங்குபடுத்துகிறேன் என்று இல்லத்துப் பிள்ளைகளை அடிப்பதைக் குற்றம் என்கிறது. மூத்தவர்களிடம் இதைச் சொல்லுங்கள், ஆனால் பகைத்துக்கொண்டு சொல்லாதீர்கள். ஒருவன் சுவரேறிக் குதித்துவிட்டால் முதல் கேள்வி அன்றைக்கு டியூட்டியில் இருந்தவருக்குத்தான் வரும். அந்தப் பயத்தில்தான் அவர்கள் குரலை உயர்த்துகிறார்கள்.

நாளைக்கே ஒரு நோட்டுப் போட்டு வாய்தா தேதிகளை எழுதத் தொடங்குங்கள். அதை இரவுப் பணிக்கு வருபவரும் பார்க்கிற இடத்தில் வையுங்கள்.