உறுதிமொழியின் நடுவே இரண்டு சொற்கள்

கேள்வி: அமெரிக்கப் பள்ளிகளில் தினமும் சொல்லப்படும் தேசிய உறுதிமொழியில் கடவுளின் பெயர் வருகிறது. மதத்தையும் அரசையும் பிரித்து வைத்த நாட்டில் இது எப்படிச் சரியாகும்? பிடிக்காத பிள்ளை அந்தச் சொற்களை மட்டும் விட்டுவிடலாமே, அதில் என்ன சிக்கல்?

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அந்தச் சிக்கலை நான் நேரில் பார்த்தவள்.

நியூ ஜெர்சியில் என் மகள் இரண்டாம் வகுப்புப் படித்த ஆண்டில், வாரத்தில் ஒரு நாள் காலை அவள் வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுவேன். மணி அடித்ததும் ஒலிபெருக்கி கரகரக்கும். பிள்ளைகள் எல்லோரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, சுவரோரக் கொடியைப் பார்த்தபடி வலது கையை நெஞ்சில் வைத்து உறுதிமொழியை ஒரே ராகத்தில் ஒப்பிப்பார்கள். எங்கள் குடியிருப்பிலேயே இருந்த ஒரு தமிழ்ப் பையனும் அந்த வகுப்பில்தான் இருந்தான். அவன் தாத்தா காலத்திலிருந்தே கடவுள் மறுப்பாளர்களின் குடும்பம். 'ஒரே நாடு' என்பது வரை அவன் உரக்கச் சொல்வான். பிறகு உதடுகளை இறுக்கிக்கொள்வான். 'கடவுளின் கீழ்' என்ற சொற்கள் கடந்ததும் மறுபடியும் சேர்ந்துகொள்வான். எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

பக்கத்தில் நின்ற சிறுமி அதைக் கவனித்துவிட்டாள். ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும் ஆசிரியையிடம் சொல்லிவிட்டாள். ஆசிரியை தங்கமானவர், குரலைக்கூட உயர்த்தவில்லை. "எல்லோரும் சொல்கிறார்கள் அல்லவா, நீயும் முழுதாகச் சொல்லேன்" என்று சிரித்தபடி சொன்னார். வகுப்பே திரும்பி அவனைப் பார்த்தது. நெஞ்சில் இருந்த அவன் கை மெல்ல இறங்கிக் கால்சட்டைப் பைக்குள் போனது. அடுத்த வாரம் நான் போனபோது அவன் ஒரு சொல் விடாமல் சொன்னான்.

'விட்டுவிடலாமே' என்ற உரிமை ஏழு வயதில் இந்தக் கதியைத்தான் அடைகிறது. நான் கடவுள் நம்பிக்கை உள்ளவள், கிருத்திகை விரதம் தவறாதவள். ஆனாலும் அந்த இரண்டு சொற்கள் அங்கே இருக்கக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம்.

அவை முதலில் அங்கே இருக்கவும் இல்லை. உறுதிமொழியை 1892-இல் எழுதியவர் ஃபிரான்சிஸ் பெல்லமி. கொலம்பஸ் வந்து இறங்கிய 400-ஆம் ஆண்டைப் பள்ளிகளில் கொண்டாடுவதற்காக, ஒரு சிறுவர் இதழில் அது வெளியானது. பெல்லமி பாப்டிஸ்ட் சபைப் போதகர். தேவாலயத்தில் பிரசங்கம் செய்தவர், வேதம் படித்தவர், ஆனால் பிள்ளைகள் சொல்லவேண்டிய வாக்கியத்தில் அவர் கடவுளைச் சேர்க்கவில்லை. 'ஒரே நாடு, பிரிக்க முடியாதது, அனைவருக்கும் சுதந்திரமும் நீதியும் உடையது' என்று எழுதினார். உள்நாட்டுப் போர் முடிந்து அப்போது 27 ஆண்டுகளே ஆகியிருந்தன. 'ஒரே நாடு' என்றதை ஒட்டியே 'பிரிக்க முடியாதது' என்று வந்ததன் கனம் அன்று எல்லோருக்கும் தெரியும். 62 ஆண்டுகள் கழித்து, ஒட்டியிருந்த அந்த இரண்டையும் விலக்கி நடுவே கடவுளை வைத்தார்கள்.

காரணம் பனிப்போர். நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் என்ற கத்தோலிக்க அமைப்பு இதற்காக ஏற்கெனவே முயன்றுகொண்டிருந்தது. 1954 பிப்ரவரி 7 அன்று வாஷிங்டனில் ஜார்ஜ் டோச்சர்ட்டி என்ற போதகர் பிரசங்கம் செய்தார். இந்த உறுதிமொழியை மாஸ்கோவின் பிள்ளைகளும் தங்கள் கொடியைப் பார்த்துச் சொல்லலாம், நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு கடவுள்தான் என்பது அவர் வாதம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஜனாதிபதி ஐசன்ஹோவரும் ஒருவர். நான்கே மாதங்களில், ஜூன் 14 அன்று சட்டம் கையெழுத்தானது. இனி லட்சக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் நம் நாடும் மக்களும் எல்லாம் வல்லவருக்கு அர்ப்பணமானதை நாள்தோறும் பறைசாற்றுவார்கள் என்று அன்று ஐசன்ஹோவர் அறிக்கை விட்டார். இது மதம் சார்ந்த சொல்லே இல்லை, வெறும் மரபு என்று இன்று வாதிடுபவர்கள் அந்த அறிக்கையை ஒருமுறை படிக்கவேண்டும்.

மதத்துக்கும் அரசுக்கும் நடுவே 'பிரிக்கும் சுவர்' என்ற சொற்றொடர் எங்கிருந்து புகழ்பெற்றது என்பதையும் சொல்லவேண்டும். 1802-இல் ஜனாதிபதி ஜெஃபர்சன் கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி பாப்டிஸ்ட் சபையாருக்கு எழுதிய கடிதம் அது. அந்த மாநிலத்தில் அரசு ஆதரவு பெற்ற சபை வேறு, பாப்டிஸ்டுகள் சிறுபான்மையினர். அன்று அந்தச் சுவரை வேண்டி நின்றவர்கள் பக்தர்கள்தான். பெல்லமியும் அதே மரபில் வந்தவர் என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

நீதிமன்றங்களின் கதை நீளமானது. 1940-இல் பென்சில்வேனியாவில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவச் சபைக் குடும்பத்தைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமியும் 10 வயதுத் தம்பியும் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்த வழக்கில், பள்ளியின் கட்டாயம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து அந்தச் சபையார் பல ஊர்களில் தாக்கப்பட்டார்கள். மூன்றே ஆண்டுகளில், உலகப் போர் உச்சத்தில் இருந்தபோதே, அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. அரசியலிலோ தேசியத்திலோ மதத்திலோ எது சரியான கருத்து என்று விதிக்க எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார். தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும் வாய் திறந்து பாடாததால் பள்ளியை விட்டு நீக்கப்பட்ட கேரளப் பிள்ளைகள் மூவரின் வழக்கில், 1986-இல் நம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையும் எடுத்துக்காட்டித்தான் பிள்ளைகளின் பக்கம் நின்றது.

ஆகவே கட்டாயம் இல்லை, சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்தச் சொற்களே அரசியல் சட்டத்துக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் இன்றுவரை நேராகப் பதில் சொல்லவில்லை. கலிபோர்னியாவில் மைக்கேல் நியூடோ என்ற மருத்துவர் தன் மகளுக்காகத் தொடுத்த வழக்கில், 2002-இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 'பொருந்தாது' என்றது. அதைக் கண்டித்து செனட் 99-க்கு 0 என்று தீர்மானம் போட்டது. உச்ச நீதிமன்றத்தில் நியூடோ தானே வாதாடினார். நாடாளுமன்றத்தில் ஒருவர்கூட எதிர்க்காத ஒன்று மக்களைப் பிரிப்பதாகத் தெரியவில்லையே என்று தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் கேட்டபோது, நாத்திகர் எவரும் தேர்தலில் வெல்ல முடியாததுதான் அதற்குக் காரணம் என்று அவர் பதில் சொன்னார். அரங்கில் கைதட்டல் எழுந்தது. கைதட்டினால் எல்லோரையும் வெளியேற்றுவேன் என்று ரென்குவிஸ்ட் எச்சரித்தார். கடைசியில் 2004-இல், மகளின் சார்பில் வழக்குத் தொடுக்க அவருக்கு உரிமை இல்லை என்று சொல்லித் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

அந்தத் தீர்ப்போடு சேர்த்து நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர் தனியாக எழுதியதுதான் என்னைப் பெரிதும் உறுத்துகிறது. அந்தச் சொற்கள் சடங்காகிவிட்டன, அவற்றைச் சொல்வதால் யாரும் வழிபடுவதாக ஆகாது என்ற பொருளில் அவர் எழுதினார். பக்தர்கள் இதை எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள்? கடவுளின் பெயருக்குப் பொருள் இல்லை என்று சொல்லித்தான் அதைக் காப்பாற்ற முடியும் என்றால், நான் காலையில் விளக்கேற்றிச் சொல்லும் பெயரை அப்படிக் காப்பாற்ற எனக்கு மனம் வராது.

சரியான வழி அமெரிக்கச் சட்டத்திலேயே இருக்கிறது. ஜனாதிபதியின் பதவிப் பிரமாணத்தை அரசியல் சட்டம் சொல்லுக்குச் சொல் தருகிறது. அதில் கடவுள் இல்லை, ஆணையிடலாம் அல்லது உறுதி கூறலாம். கோட்டையில் அமைச்சரவை மாறும்போதெல்லாம் 'உளமார உறுதி கூறுகிறேன்' என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. கடவுள் பெயரால் சொல்பவருக்கும் சொல்லாதவருக்கும் முழு வாக்கியம் இருக்கிறது, இருவருமே தலை நிமிர்ந்து அதைச் சொல்லி முடிக்கலாம். பெரியவர்களுக்குக் கொடுத்த இந்த மரியாதையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது நடுவே வாயை மூடிக்கொள்ளும் உரிமை மட்டும்தான்.

உங்கள் பிள்ளைக்கு இப்படி ஒரு நிலை வந்தால், கலங்காமல் வகுப்பாசிரியருக்கு எழுதிக் கொடுங்கள். ஃப்ளோரிடா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் பெற்றோரின் எழுத்துக் கோரிக்கையையே கேட்கிறார்கள். எங்கள் மாநிலத்தில் எழுந்து நிற்கக்கூடக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1978-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஆசிரியையிடம் தனியாகப் பேசியிருப்பேன்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு எனக்குக் குடியுரிமை கிடைத்தது. பிரமாணத்தின் கடைசியில் கடவுள் துணை வேண்டும் வரி உண்டு. வேண்டாதவர்கள் முன்கூட்டியே சொல்லி அதை விட்டுவிடலாம். நான் முருகனை நினைத்துக்கொண்டு மனமாரச் சொன்னேன். பிறகு எல்லோரும் கொடியைப் பார்த்து உறுதிமொழி சொன்னோம். 'ஒரே நாடு' வரை சொல்லிவிட்டு உதடுகளை மூடிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற பெண்மணி திரும்பி என்னைப் பார்த்தார்.