கப்பல் வரும் நாளே கிழமை: தீவில் குடியிருப்பது பற்றிய வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் லட்சத்தீவுக்கு வேலை மாற்றலாகிச் செல்லும் ஒருவருக்கு இரண்டு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதன்பிறகு பாலக்காட்டுக் கிழக்கு எல்லை ஊர்களிலிருந்து அதே பொருள் பற்றிப் பல கடிதங்கள் வந்துவிட்டன; ஆந்திர எல்லையில் தடாவிலிருந்தும் ஒன்று வந்திருக்கிறது. அஞ்சல் துறையில் இருந்தபோது கவரத்தியிலும் கல்பேனியிலுமாக நான்கு ஆண்டுகள் கழித்தவன் என்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் தீவுகளுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, மத்திய அரசுப் பணியிலிருக்கும் எங்கள் மகளைக் கவரத்திக்கு மாற்றியிருக்கிறார்கள். நான்கு வயதுப் பேரனையும் உடன் அழைத்துப் போகிறாள். எப்படிப் போவது, எதையெல்லாம் இங்கிருந்தே கொண்டுபோக வேண்டும், நாங்கள் இடையில் போய்ப் பார்த்துவர முடியுமா என்று எதுவும் தெரியாமல் தவிக்கிறோம்.
– ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பதில்: அம்மா, லட்சத்தீவில் முப்பத்தாறு தீவுகள் இருந்தாலும் மக்கள் ஊராகக் குடியிருப்பவை பத்துதான், 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எல்லாவற்றிலும் சேர்த்து 64,473 பேர். கவரத்தி தலைநகரம் என்றாலும் அதன் பரப்பு சுமார் 4 சதுர கிலோமீட்டர்தான் என்பதால், நம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துப் பெரிய தென்னந்தோப்பு ஒன்றின் நடுவே அலுவலகங்களைக் கட்டி வைத்ததுபோல் இருக்கும். கொச்சியிலிருந்து கடல்வழியே ஏறக்குறைய 400 கிலோமீட்டர். எர்ணாகுளம் வரை ரயிலில் சென்று, வில்லிங்டன் தீவிலுள்ள துறைமுகத்தில் கப்பல் ஏற வேண்டும். கப்பலையும் அது வழியில் தொட்டுச் செல்லும் தீவுகளையும் பொறுத்து, பதினான்கு முதல் இருபது மணி நேரம் பிடிக்கும். விமானத்தில் போக விரும்பினால் அகத்தித் தீவில்தான் இறங்க முடியும். அங்குள்ள ஓடுபாதை குட்டையானது என்பதால் சிறிய விமானங்களே வந்துபோகின்றன, இடமும் எளிதில் கிடைப்பதில்லை. அகத்தியிலிருந்து கவரத்திக்கு மறுபடியும் படகோ கப்பலோ ஹெலிகாப்டரோ தேட வேண்டியிருக்கும்.

மகள் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது நாள்காட்டியை ஒதுக்கிவைத்துவிட்டுக் கப்பல் அட்டவணையைப் பார்ப்பதாகும். அட்டவணை முன்கூட்டியே வெளியாகிவிடும், பயணச்சீட்டையும் இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் காற்று மாறினாலோ, கப்பல் பழுதுபார்க்கப் போய்விட்டாலோ, அந்த அட்டவணை வெறும் காகிதமாகிவிடும். நான் ஒரு நவம்பரில் கல்பாத்தித் தேருக்கு ஊர் வருவதாக வீட்டுக்கு எழுதிவிட்டு, கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று கப்பல் நின்றுபோனதால், தேர் நிலைக்கு வந்து மூன்று நாள் கழித்தே பாலக்காட்டில் இறங்கினேன். ஆகவே கொச்சியில் கப்பல் வந்துசேரும் அன்றைக்கே ரயிலுக்கு முன்பதிவு செய்ய வேண்டாம். ஒரு நாளாவது இடைவெளி விடச் சொல்லுங்கள். மே 15 முதல் செப்டம்பர் 15 வரையிலான பருவமழைக் காலத்தில் உரு எனப்படும் சரக்கு மரக்கலங்கள் ஓடுவதில்லை, பெரிய கப்பல்களும் குறைத்தே இயக்கப்படுகின்றன. அந்த நான்கு மாதத்தில் கல்யாணம், காதுகுத்து என்று ஊருக்கு வருவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

கொண்டுபோக வேண்டியவை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அரிசி, பருப்பு, சர்க்கரை எல்லாம் தீவிலுள்ள கூட்டுறவுச் சங்கக் கடைகளிலேயே கிடைக்கும். மீனுக்கும் தேங்காய்க்கும் பஞ்சமே இல்லை. சூரை மீன் அங்கே அன்றாட உணவு. முருங்கை, வாழை, சீமைப்பலா ஆகியவை வீட்டுத் தோட்டங்களில் விளைகின்றன. மற்ற காய்கறிகள் கப்பலில்தான் வந்தாக வேண்டும் என்பதால், கப்பல் வந்த மறுநாள் கடையில் முட்டைகோஸும் தக்காளியும் நிறைந்திருக்கும், ஐந்தாம் நாள் உருளைக்கிழங்கும் வெங்காயமும் மட்டுமே மிஞ்சும். வற்றல், வடகம், அப்பளம், ஊறுகாய், சாம்பார்ப் பொடி, இட்லிப் புழுங்கலரிசி ஆகியவற்றை இங்கிருந்தே கட்டிக் கொடுங்கள். நம் வீட்டு மோர்மிளகாயின் அருமை எனக்குக் கல்பேனியில்தான் புரிந்தது. இரும்புப் பாத்திரங்களைத் தவிர்த்து எவர்சில்வராகக் கொடுப்பது நல்லது, ஏனெனில் உப்புக்காற்று அரிவாள்மனையைக்கூட ஒரே மாதத்தில் துருவேற்றிவிடும். சமையல் எரிவாயு உருளையும் கப்பலில்தான் வருகிறது என்பதால், ஒரு மின்னடுப்பு துணைக்கு இருக்கட்டும்.

நீங்கள் போய்ப் பார்த்துவருவதைப் பொறுத்தவரை, 1967-ஆம் ஆண்டு விதிகளின்படி தீவைச் சாராதவர்கள் நுழைவதற்கு அனுமதிச் சீட்டு தேவை. உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலிருந்து நன்னடத்தைச் சான்றும் அடையாள அட்டையும் இணைத்து, தீவில் உங்களை ஏற்றுக்கொள்ளும் ஒருவரின் பெயரையும் குறிப்பிட்டு விண்ணப்பிக்க வேண்டும். சான்று கைக்கு வரவே சில வாரம் ஆகலாம் என்பதால், மகள் போய்ச் சேர்ந்ததுமே நீங்கள் காவல் நிலையத்துக்குப் போய்விடுங்கள். மொழி பற்றிய கவலை வேண்டாம். கவரத்தியில் பேசப்படும் ஜெசரி மலையாளத்தின் ஒரு வழக்குதான் என்பதால், கொழிஞ்சாம்பாறைக்காரருக்குப் பத்தே நாளில் பிடிபட்டுவிடும். மினிக்காயில் மட்டும் மகல் என்ற முற்றிலும் வேறான மொழி. பேரனைச் சேர்க்கக் கவரத்தியிலேயே கேந்திரிய வித்யாலயா இருக்கிறது.

கேள்வி: தீவில் குடிநீரே கிடையாது, கடல்நீரைத்தான் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?
– ஒரு வாசகர், வண்ணாமடை

பதில்: பாதி உண்மை, அந்தப் பாதியும் சுவையானது. ஆறே இல்லாத அந்தத் தீவுகளில் பெய்யும் மழை, பவளமணலில் இறங்கி, அடியிலிருக்கும் உப்புநீரின்மேல் ஒரு மெல்லிய தகடுபோல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசானது என்பதால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. கிணறு தோண்டினால் ஆறேழு அடியிலேயே தண்ணீர் தென்படும், கடலில் ஓதம் ஏறும்போது கிணற்றிலும் ஏறும், வடியும்போது வடியும். நம் ஊரில் ஆழ்துளைக் கிணற்றை எண்ணூறு, ஆயிரம் அடிக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு இது சொர்க்கமாகத் தோன்றலாம். ஆனால் பெரிய மோட்டார் வைத்து வேகமாக இறைத்தால், மேலிருக்கும் நன்னீர்த் தகடு கிழிந்து அடியிலிருக்கும் உப்புநீர் மேலே வந்துவிடும், அதன்பிறகு அந்தக் கிணறு தெளிய அடுத்த மழைக்காலம்வரை காத்திருக்க வேண்டியதுதான். நான் குடியிருந்த வீட்டுக்காரம்மா, வாளியால் இறைக்கும் வரை தண்ணீர் நம்முடையது, மோட்டாரைப் போட்டால் அது கடலுடையது என்பார். கழிப்பறைத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் இடையே மணலைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதால், கிணற்றுநீரைக் குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொண்டு, குடிப்பதற்கு வேறு நீர் தேடுவதே அங்கு அறிவுடைமை.

அந்த வேறு நீர் ஒன்று, கூரையிலிருந்து தொட்டியில் பிடித்துவைக்கும் மழைநீர். மற்றொன்று உங்கள் நண்பர் சொன்ன கடல்நீர், ஆனால் அதை யாரும் அடுப்பில் காய்ச்சுவதில்லை. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005-இல் கவரத்தியில் அமைத்த ஆலையில், ஏறத்தாழ 28 பாகை வெப்பமுள்ள மேற்பரப்புக் கடல்நீரைக் காற்றழுத்தம் குறைந்த கலத்தினுள் விடுகிறார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் அந்த வெப்பத்திலேயே நீர் ஆவியாகிறது. சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாய்வழி மேலே ஏற்றப்படும் குளிர்ந்த கடல்நீரைக் கொண்டு அந்த ஆவியைக் குளிர்வித்தால் நன்னீர் சொட்டுகிறது. கரையிலிருந்து சிறிது தொலைவிலேயே கடல் அவ்வளவு ஆழமாகிவிடும் பவளத்தீவில்தான் இது எளிதாகக் கைகூடும். நாள் ஒன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் தரும்படி கட்டப்பட்ட அந்த ஆலைக்குப் பிறகு, 2011-இல் மினிக்காயிலும் அகத்தியிலும் அதேபோன்று அமைத்தார்கள். மேலும் ஆறு தீவுகளுக்கு ஒன்றரை லட்சம் லிட்டர் ஆலைகள் திட்டமிடப்பட்டு, கல்பேனியில் 2020-இல் முதலாவது இயங்கத் தொடங்கியது. நீரில் உப்பு அறவே இல்லை என்பதால் முதல் வாரம் நாக்குக்கு ஏதோ குறைவதுபோல் இருக்கும். பிறகு ஊருக்கு வந்து நம் கிணற்றுநீரைக் குடித்தால்தான் அதன் உப்பு தெரியும்.

கேள்வி: என் மனைவி கருவுற்றிருக்கிறார். இந்நிலையில் ஆந்த்ரோத் தீவுக்குப் போவது சரியா?
– ஒரு வாசகர், கொல்லங்கோடு

பதில்: தம்பி, ஆந்த்ரோத்தில் சமூக நல மையம் இருக்கிறது, இயல்பான பேறுகாலம் அங்கேயே நடக்கிறது. சிக்கல் வந்தால்தான் கடல் குறுக்கே நிற்கும். கவரத்தி, அகத்தி, மினிக்காய் ஆகிய மூன்றிலும் பெரிய மருத்துவமனைகள் உள்ளன. அதற்கும் மேல் வேண்டுமானால் ஹெலிகாப்டரில் கொச்சிக்கு அனுப்புகிறார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் ஹெலிகாப்டர் எடுக்கப்படும், அதுவும் வானிலை இடம் கொடுக்க வேண்டும். ஆடி மாதக் காற்றில் ஒரு பகல் முழுவதும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குடும்பத்தோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன். முதல் பிரசவம் என்றாலோ, இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தாலோ, ஏழாம் மாதம் நிறைவதற்குள் மனைவியைப் பாலக்காட்டுக்கே அழைத்துவந்துவிடுவதுதான் என் யோசனை. இரத்தப் பிரிவு எழுதிய அட்டையும், வழக்கமான மருந்துகள் மூன்று மாதத்துக்கும் கையோடு இருக்கட்டும்.

கேள்வி: தபாலும் இணையமும் எப்படி?
– ஒரு மாணவி, மீனாட்சிபுரம்

பதில்: என் துறை என்பதால் நீட்டி எழுத ஆசைதான், அடக்கிக்கொள்கிறேன். தீவுகள் கேரள அஞ்சல் வட்டத்தில் அடங்கியவை, கவரத்தியின் குறியீட்டெண் 682555. தபால்பை கப்பலுக்குக் காத்திருப்பதால், மழைக்காலத்தில் மூன்று வாரத்துக் கடிதங்கள் ஒரே நாளில் வந்து விழும். தேர்வு விண்ணப்பம் போன்றவற்றை இறுதி நாளுக்கு ஒரு மாதம் முன்பே அனுப்பிவிட வேண்டும். இணையத்துக்கு நெடுங்காலம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தார்கள். கொச்சியிலிருந்து கடலடியில் இழுக்கப்பட்ட ஒளியிழைக் கம்பிவடம் 2024 ஜனவரி 3-இல் திறந்துவைக்கப்பட்ட பிறகு நிலைமை வேறு.

கேள்வி: எங்கள் கேரள ரேஷன் அட்டையை அங்கே மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகர், சித்தூர்

பதில்: முன்னுரிமை அட்டையோ அந்த்யோதயா அட்டையோ என்றால் மாற்றத் தேவையில்லை, ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் லட்சத்தீவும் உண்டு. மற்ற அட்டைகளுக்கு அது பொருந்தாது.

கேள்வி: லட்சத்தீவைப் பற்றியே எழுதுகிறீர்கள். பழவேற்காட்டு (புலிக்காட்டு) ஏரியின் நடுவே இரக்கம் தீவில் தமிழர்களாகிய நாங்கள் இருக்கிறோம். தடாவுக்குப் போக பீமுனிவாரிபாலெம் வரை படகு. ஒரு வருமானச் சான்றுக்காக மூன்று முறை கரையேறி வெறுங்கையோடு திரும்பினேன், விண்ணப்பத்தைத் தெலுங்கில் எழுதிவரச் சொல்லி அலுவலர் ஒருவர் திருப்பியனுப்பினார். வழி உண்டா?
– ஒரு வாசகர், தடா மண்டலம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. நானூறு கிலோமீட்டர் கடலைத் தாண்டுகிறவர்களுக்குக் கப்பலும் ஹெலிகாப்டரும் இருக்க, ஏரியைத் தாண்டும் உங்களுக்குப் படகோட்டியின் தயவு மட்டுமே இருக்கிறது. ஏரியின் ஆழம் பெரும்பகுதியில் ஒரு ஆள் உயரம்கூட இராது என்பதால், கோடையில் தண்ணீர் வற்றும்போது படகைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருப்பதையும் அறிவேன்.

முதலில் சான்று. ஆந்திராவில் 2019 அக்டோபர் 2 முதல் இயங்கும் கிராமச் செயலகங்களில் வருமானச் சான்றுக்கான விண்ணப்பத்தைப் பெற்றுக்கொள்கிறார்கள். உங்கள் ஊர் எந்தச் செயலகத்தில் சேர்ந்திருக்கிறதோ அங்கே கொடுத்து, விண்ணப்ப எண்ணுள்ள ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இருந்தால் நிலையைக் கைப்பேசியிலேயே பார்த்துவிட்டு, சான்று தயாரான பிறகு ஒரே முறை படகேறினால் போதும். ரசீது இல்லாமல் கொடுத்த விண்ணப்பம் ஏரியில் போட்ட உப்பு. 2022 ஏப்ரலில் தடா நெல்லூரிலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது என்பதால், பழைய படிவங்களில் மாவட்டத்தின் பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள், இதற்காகவே திருப்பியனுப்பப்படுகிறவர்கள் உண்டு.

மொழியைப் பொறுத்தவரை, குறைதீர்ப்பு மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அலுவலரிடமும் கொடுக்க அரசமைப்பின் 350-ஆம் உறுப்பு உரிமை தருகிறது. சான்றுக்கான படிவம் வேறு, குறைதீர்ப்பு மனு வேறு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். படிவத்தைத் தெலுங்கு தெரிந்த பிள்ளை ஒருவரைக் கொண்டு நிரப்பிவிட்டு, அலைக்கழித்ததைப் பற்றிய மனுவைத் தமிழிலேயே மாவட்ட ஆட்சியருக்கு எழுதலாம். உங்கள் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர ஏற்பாடு செய்ய முயல்வதும் 350-அ உறுப்பின்படி மாநிலத்தின் கடமை. ஆசிரியர் படகில் வரத் தயங்குகிறார் என்றால் அதையும் அதே மனுவில் சேர்த்து எழுதுங்கள்.

இரவில் நோய் வந்தால் 108 வண்டி கரைவரைக்கும்தான் வரும். ஆகவே, அழைக்கும்போதே படகு எந்தத் துறையில், எத்தனை மணிக்கு வந்துசேரும் என்று சொல்லி வண்டியை அங்கே நிறுத்தச் சொல்லுங்கள். இரவில் எழுப்பினால் எழுந்துவரும் படகோட்டிகள் இருவரின் எண்களையாவது ஊர்ப் பள்ளிச் சுவரில் பெயின்டால் எழுதிவையுங்கள். கல்பேனியில் அஞ்சலகச் சுவரில் நாங்கள் அப்படித்தான் எழுதி வைத்திருந்தோம்.